எச்பிவி ஈ7 புரதமும் கூடுதல் சென்ட்ரோசோமும்: புள்ளி எண்ணினால் மட்டும் போதுமா?

#1 பறக்கைக்குளம்

செல் உயிரியல் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. சென்ட்ரோசோம்னா செல் பிரியும்போது துருவமாக நிற்கும் உறுப்பு. யூ2ஓஎஸ் (மனித எலும்புப் புற்றுச் செல்வரிசை) செல்லில், கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸின் (எச்பிவி-16) ஈ7 புரதத்துக்கான பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஏற்றி, 48 மணி நேரம் கழித்து சென்ட்ரோசோமில் இருக்கும் காமா டியூபுலின் புரதத்துக்கு ஒளிர்சாயம் போட்டுப் பார்த்தால் சில செல்லில் 3, 4 புள்ளி, சிலதில் 6 வரைக்கும் தெரியுது. ஈ7 இல்லாத வெறும் வெக்டார் (பிளாஸ்மிட்) ஏற்றிய செல்லிலும் 3 புள்ளி உள்ளவை கொஞ்சம் இருக்கு. அதுதான் குழப்பமே.

ஈ7 உண்மையிலேயே சென்ட்ரோசோமைப் பெருக்குதா, அல்லது செல் இரண்டாகப் பிரியாமல் நின்றுபோய் இரண்டு செல்லுக்கான சரக்கு ஒன்றில் தங்கிடுதா? எத்தனை புள்ளிக்கு மேல் போனால் "கூடுதல்"னு எழுதலாம்? மூன்று துருவ மைட்டோசிஸ் (செல்பிரிவு) ஒன்றிரண்டு படத்தில் கிடைச்சிருக்கு, அதையே ஆதாரமாக வைக்கலாமா? நாகர்கோவில் வட்டாரத்தில் இதைச் செய்துபார்த்தவங்க இருந்தால் சாயம் போடுற முறையையும் சொல்லுங்க.

#2 தோவாளை டீச்சர்

தம்பி, முதல்ல எண்ணிக்கையை நேராக்கிக்குவோம். பாதிக் குழப்பம் அங்கேதான் கிடக்கு.

பிரிந்து முடிந்த செல்லில், அதாவது ஜி1 கட்டத்தில், ஒரு சென்ட்ரோசோம், அதற்குள் 2 சென்ட்ரியோல். எஸ் கட்டம் (டிஎன்ஏ நகலாகும் கட்டம்) தொடங்கும்போது பழைய சென்ட்ரியோல் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தில் செங்குத்தாக ஒரு புதுசு முளைக்கும். பிரிவுக்கு முந்தின ஜி2 கட்டத்தில் 4. மைட்டோசிஸில் துருவத்துக்கு 2 வீதம் பிரிந்து, மகள் செல்லுக்கு மறுபடியும் 2. எந்தக் கட்டத்திலும் 4-ஐத் தாண்டக் கூடாது. சென்ட்ரியோல்னு சொல்றது சுமார் 0.25 மைக்ரான் குறுக்களவு, 0.5 மைக்ரான் நீளத்தில் ஒரு சிறு குழல். அதன் சுவர் மூன்று மூன்றாக ஒட்டிய 9 தொகுதி நுண்குழாய்களால் ஆனது. அதைச் சுற்றி பெரிசென்ட்ரின், காமா டியூபுலின் எல்லாம் அடங்கிய புரத மேகம் ஒன்று இருக்கு. பிரிவின்போது குரோமோசோமை இழுக்கும் கதிர் நுண்குழாய்கள் கிளம்புறது அந்த மேகத்திலிருந்து.

"ஒரு தாய்க்கு ஒரு மகள்" என்ற கட்டுப்பாட்டைக் காப்பது பிஎல்கே4 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் என்சைம்). செப்152, செப்192 என்ற இரண்டு புரதமும் அதைத் தாய் சென்ட்ரியோலைச் சுற்றி ஒரு வளையமாகப் பிடிச்சு வைக்கும். எஸ் கட்டம் நெருங்கும்போது அந்த வளையம் ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கும். அந்த இடத்தில் ஸ்டில், சாஸ்-6 புரதங்கள் வந்து வண்டிச்சக்கர வடிவில் அடித்தளம் போட, மகள் முளைக்கும். பிஎல்கே4 அளவு கூடினால் அது தன்மேலேயே பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பார்த்து பீட்டா-டிஆர்சிபி உள்ள யூபிகுயிட்டின் கூட்டமைப்பு அதைப் புரதம் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிடும். அதனால் செல்லுக்குள் பிஎல்கே4 எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும்.

ஈ7-க்கு வருவோம். எச்பிவி-16 ஈ7 வெறும் 98 அமினோ அமிலம். தனக்கென்று என்சைம் வேலை எதுவும் கிடையாது. மற்ற புரதத்தில் ஒட்டி அதைத் திசைதிருப்புறதுதான் அதன் தொழில். லியூசின்-எக்ஸ்-சிஸ்டீன்-எக்ஸ்-குளூட்டாமேட் என்ற வரிசையால், செல் பிரிவுக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தைப் பிடிக்கும், கல்லின்-2 கூட்டமைப்பை இழுத்துவந்து அதை அழிக்கும். ஆர்பி போனால் அது கட்டி வச்சிருந்த ஈ2எஃப் (மரபணுக்களை இயக்கும் புரதம்) அவிழ்ந்துவிடும். செல் சுழற்சியை முன்னே தள்ளும் சைக்ளின் ஈ கூடும், அதோட கூட்டாளிக் கைனேஸ் சிடிகே2 சுறுசுறுப்பாகும், பிஎல்கே4-இன் ஆர்என்ஏ அளவும் ஏறும். சுருங்கி ஒரே புள்ளியாக வேண்டிய வளையத்தில் இப்போ பல இடம் சூடாகவே நிற்கும். ஒரே எஸ் கட்டத்துக்குள் ஒரே தாயைச் சுற்றி மூன்று, நான்கு மகள்.

நம்ம ஊர் வாழைத்தோட்டத்தில் மூட்டுக்கு ஒரு பக்கக்கன்று விட்டுட்டு மற்றதை அறுத்துடுவாங்களே. அறுக்க ஆளில்லாத மட்டி வாழை மூட்டை மனசுல வச்சுக்குங்க, ஈ7 செல்லின் சென்ட்ரோசோம் அப்படித்தான் இருக்கும்.

ஸ்டீபன் டூயன்சிங், கார்ல் மியூங்கர் குழு 2000-இல் ஈ7-உம் அதே வைரஸின் இன்னொரு புரதமான ஈ6-உம் சேர்ந்து சென்ட்ரோசோம் இரட்டிப்பைச் செல் சுழற்சியிலிருந்து கழற்றிவிடுதுன்னு காட்டினாங்க. ஒரே தாயில் ஒரே நேரத்தில் பல மகள் முளைக்குறதை டூயன்சிங் குழு 2007-இல் காட்டியது.

ஈ6 வழி வேறு. அது செல்லின் ஈ6ஏபி என்ற லிகேஸைச் சேர்த்துக்கொண்டு, பழுதான செல்லை நிறுத்தும் பி53-ஐ அழிக்கும். ஈ6 மட்டும் உள்ள செல்லில் சென்ட்ரோசோம் கூடியிருந்தால் அநேகமாக அந்தச் செல்லில் உட்கருவும் பல இருக்கும். பிரியாமல் போன செல் சாகாமல் தொடர்ந்து ஓடினதால் சேர்ந்த சரக்கு அது.

ஆக உங்க முதல் கேள்விக்கு: ஈ7 செய்வது உண்மையான மிகைப்பெருக்கம். ஆனால் காமா டியூபுலின் புள்ளியை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. அந்தச் சாயம் பிடிக்கிறது மேகத்தை. ஒரு தாயும் நான்கு மகளும் ஒரே மேகத்துக்குள் அடங்கிப்போகும், அதை நீங்க "1"னு எண்ணுவீங்க. மேகம் கிழிந்து சிதறினால் சென்ட்ரியோலே இல்லாத துணுக்கு "3"னு கணக்கில் ஏறும். இரண்டு பக்கமும் பிழை.

#3 முட்டம் அலை

டீச்சர், வாழைமூடு கொள்ளாம். 😄 ஆனா அந்த மகள்கள் எப்போதுமே தாயை ஒட்டியே நிக்குமா?

#4 தோவாளை டீச்சர்

இல்லை, மைட்டோசிஸ் முடியுறவரைக்கும்தான். அந்த நேரத்தில் செபரேஸ் என்சைமும் பிஎல்கே1-உம் தாய்க்கும் மகளுக்கும் உள்ள பிடிப்பை விடுவிக்கும். விடுபட்ட ஒவ்வொன்றும் அடுத்த சுழற்சியில் தானே ஒரு தாய். எல்லாமே தன்னைச் சுற்றி மேகம் சேர்த்துக்கொள்ளும், தனித் துருவமாக நிற்கும் தகுதி பெறும். அதனால் முதல் சுழற்சியில் மகள்கூட்டமாகத் தெரியுறது, இரண்டாம் மூன்றாம் சுழற்சியில் தனித்தனி சென்ட்ரோசோமாகத் தெரியும். 48 மணி நேரத்தில் யூ2ஓஎஸ் ஒரு தடவையோ இரண்டு தடவையோ பிரிந்திருக்கும். பறக்கைத் தம்பியின் தட்டில் இரண்டு வகையும் கலந்துதான் கிடக்கும்.

#5 இரணியல் தறி

சாய வேலை என் பங்கு. சொல்றது எல்லாம் 24 குழித் தட்டு, 12 மிமீ வட்டக் கவர்ஸ்லிப்புக்கு.

கவர்ஸ்லிப் 1.5 எண், அதாவது 0.17 மிமீ தடிமன். 1 எண் கண்ணாடியில் லென்ஸின் கூர்மை கொஞ்சம் குறையலாம். கடையில் கொடுக்கிறதை அப்படியே வாங்காதீங்க, பெட்டியில் எண்ணைப் பாருங்க. பாலிலைசின் பூசினது நல்லது. மைட்டோசிஸில் இருக்கிற செல் உருண்டு நிற்கும், ஓரம் மட்டுமே ஒட்டியிருக்கும், பைப்பெட்டை நேரா மேலே பீய்ச்சினால் முதல்ல கழன்று போறது அதுதான். அப்புறம் "மைட்டோசிஸே கிடைக்கல"ன்னு புலம்பக் கூடாது. குழியின் சுவரில் படுமாறு பைய ஊத்தணும்.

நிலைநிறுத்தலுக்கு மைனஸ் 20 டிகிரி மெத்தனால், 5 முதல் 10 நிமிடம். பாராபார்மால்டிஹைடு இங்கே ஆகாது. சென்ட்ரியோல் புரதங்கள் நெருக்கி அடைத்துக் கிடக்கும், அது குறுக்கிணைப்புப் போட்டு ஆன்டிபாடி நுழையும் வழியையே மூடிவிடும். பின்னணி மங்கல் கூடி, புள்ளி தெரியாது. மெத்தனால் போடுறதுக்கு முன்னாடி பஃபரைச் சுத்தமா உறிஞ்சிடணும். மிச்சம் இருந்தால் மெத்தனால் நீர்த்து, நிலைநிறுத்தல் சரியா நடக்காது.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு சங்கதி: மின்தடைக்குப் பிறகு உறைபெட்டி மைனஸ் 20-க்குத் திரும்பப் பல மணி நேரம் எடுக்கும், காட்சிப்பலகையில் எண் சரியா இருந்தாலும் புட்டியின் உள்ளே சூடு இருக்கும். மெத்தனாலுக்குள் வெப்பமானியை விட்டுப் பாருங்க. இல்லைன்னா பொடித்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து அதில் புட்டியைப் புதைச்சால் மைனஸ் 15-க்குக் கீழே இறங்கிடும். ஐஸுக்குக் குளச்சல், உப்புக்குப் புத்தளம் அளம், நமக்கென்ன பஞ்சம்.

பிறகு பஃபரில் மூன்று கழுவல், 3 சதவீத பிஎஸ்ஏவும் (மாட்டுச் சீரப் புரதம்) 0.1 சதவீத ட்ரைட்டானும் கலந்ததில் 30 நிமிடம். முதல்நிலை ஆன்டிபாடி அறைவெப்பத்தில் 1 மணி நேரம், இரண்டாம்நிலை 45 நிமிடம், கடைசிக்கு முந்தின கழுவலில் டாப்பி (டிஎன்ஏ சாயம்). நடுவில் எங்கேயும் காய விடக் கூடாது. காய்ந்த ஓரத்தில் ஒளிரும் துகள் எல்லாம் பார்க்க சென்ட்ரோசோம் மாதிரியே இருக்கும்.

படம் எடுக்க 100 மடங்கு, 1.4 துளை எண் எண்ணெய் லென்ஸ். 0.25 மைக்ரான் இடைவெளியில் செல்லின் அடி முதல் மேல் வரை அடுக்கு எடுத்து, அதை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கி எண்ணுங்க. ஒரே குவியத்தில் எண்ணினால் இன்னொரு தளத்தில் நிற்கிற சென்ட்ரோசோம் கணக்கில் வராது. அடுக்கை அழிச்சிடாதீங்க, சந்தேகம் வந்தால் அதில்தான் திரும்பிப் பார்க்கணும்.

ஆனி ஆடிச் சாரலில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது நம்ம பகுதியின் சாபம். சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கும் பெட்டியில் வைங்க. பூஞ்சை நூல் வந்த லென்ஸில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒளிவட்டம் விழும், இரண்டு சென்ட்ரியோல் ஒன்றாகத் தெரியும்.

#6 குழித்துறை ஆறு

டீச்சர் சொன்ன ஆர்பி வழி சரி, ஆனால் அது மட்டுமே கதைன்னு தம்பி எழுதிடக் கூடாது. மூன்று விஷயம்.

ஆர்பி, அதன் குடும்பத்து பி107, பி130 மூன்றுமே இல்லாத எலி ஃபைப்ரோபிளாஸ்டில் ஈ7-ஐப் போட்டாலும் சென்ட்ரோசோம் கோளாறு இன்னும் கூடுது. டூயன்சிங்கும் மியூங்கரும் 2003-இல் காட்டினது. ஆர்பி குடும்பத்தைத் தாண்டி வேறு ஒரு கை இருக்குன்னு அர்த்தம். ஈ7 காமா டியூபுலினோட ஒட்டுது, சென்ட்ரோசோமுக்குக் காமா டியூபுலின் வந்துசேரும் போக்கை மாத்துதுன்னும் மியூங்கர் ஆய்வகம் 2007-இல் சொல்லியிருக்கு. அதே ஈ7-ஐத்தான் தம்பி காமா டியூபுலின் சாயத்தால் அளக்கிறார்! அளவுகோலையே பொருள் தொடுது. புள்ளியின் பிரகாசத்தை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது சிடிகே2. இயல்பான இரட்டிப்புக்கு சிடிகே2 இல்லாமலும் செல் சமாளிச்சுக்கும். ஈ7 தூண்டும் மிகைப்பெருக்கத்துக்குத்தான் அது கட்டாயம் வேணும். இது டூயன்சிங் குழு 2006-இல் காட்டினது. மருந்து தேடுறவங்களுக்கு இந்த இடைவெளி ஆசை காட்டும். அதே குழு அதற்கு முன்பே, 2004-இல், இண்டிருபின்-3'-ஆக்சைம் என்ற சிடிகே தடுப்பானைக் கொடுத்து ஈ7 செல்லில் கோளாறைக் குறைச்சிருக்காங்க.

மூணாவது, எஸ் கட்ட நீட்சி. யூ2ஓஎஸ்ஸை ஹைட்ராக்சியூரியாவோ அஃபிடிகோலினோ கொடுத்து எஸ் கட்டத்தில் நிறுத்தினாலே ஈ7 இல்லாமலேயே சென்ட்ரியோல் பெருகிக்கிட்டே போகும். ஆர்பிஇ1 (விழித்திரைச் செல்வரிசை) அப்படிப் பெருகாது. டிஎன்ஏ ஏற்றும் வினைப்பொருள் செல்லை அலைக்கழிச்சு எஸ்ஸில் தேங்க வச்சிருந்தால், வெறும் வெக்டார் தட்டிலும் 3 புள்ளி வரும். தம்பியின் கட்டுப்பாட்டுத் தட்டில் தெரியுறது அதுவாகவே இருக்கலாம். இடியூ (புதிதாக நகலாகும் டிஎன்ஏவில் சேரும் பொருள்) 30 நிமிடம் கொடுத்து இரண்டு தட்டிலும் எஸ் கட்டச் செல்லின் பங்கை ஒப்பிட்டுப் பாருங்க. பங்கு ஒன்றாக இருந்து புள்ளி மட்டும் கூடியிருந்தால்தான் ஈ7 பேச்சு.

#7 தோவாளை டீச்சர்

குழித்துறை சொல்றதை ஏத்துக்கிறேன், குறிப்பாக இடியூ. ஆனால் 2003 முடிவைப் பெருசா இழுக்க வேண்டாம். ஆர்பி குடும்பம் இல்லாத செல்லில் அடிப்படை அளவே உயரமாகத்தான் இருக்கும், அதற்கு மேல் ஈ7 கொஞ்சம் ஏத்துது. ஆர்பி-யைப் பிடிக்கும் நான்கு அமினோ அமிலம், 21 முதல் 24 வரை, வெட்டிய ஈ7 மாற்றுருவை இயல்பான செல்லில் போட்டால் விளைவு வெகுவாக விழுந்துடும். மாணவர் ஆய்வுக்கு அந்த மாற்றுருவைவிட நல்ல கட்டுப்பாடு கிடையாது: அதே பிளாஸ்மிட், அதே அளவு, ஒரே வித்தியாசம் அந்த நான்கு. எச்பிவி-6 ஈ7 கிடைச்சால் அதையும் சேர்த்துக்கலாம். அது குறைந்த அபாய வகை, மிகைப்பெருக்கம் பண்ணாது.

#8 குழித்துறை ஆறு

மாற்றுரு போடும்போது புரத அளவையும் பார்க்கணும் டீச்சர். ஈ7-க்கு ஆயுள் குறைவு, சில மாற்றுரு இன்னும் சீக்கிரம் சிதையும். புரதமே இல்லாததால் விளைவு இல்லைன்னு ஆகிவிடக் கூடாது. வெஸ்டர்ன் பிளாட்டில் ஈ7 பட்டை சன்னமாகத்தான் வரும், 15 சதவீத ஜெல் ஓட்டுங்க. 98 அமினோ அமிலம்தானேன்னு 11 கிலோடால்டனில் தேடாதீங்க, அமிலத்தன்மை அதிகம் என்பதால் அதைவிட மேலே, 17 பக்கம் ஓடும். வராவிட்டால் ஆர்பி பட்டை குறைஞ்சிருக்கான்னு பார்த்தாலும் ஒரு மறைமுகச் சாட்சி.

#9 வேளிமலை

நோயியல் பக்கத்திலிருந்து. மூன்று துருவ மைட்டோசிஸை ஆதாரமாக வைக்கலாமான்னு கேட்டிருந்தாங்க. கருப்பைவாய் உயர்தர முன்புற்றுப் பகுதியில் மூன்று துருவ மைட்டோசிஸ் நமக்கு அடிக்கடி கண்ணில் படுறதுதான், அது கண்ணைப் பறிக்கும். ஆனால் அதிலிருந்து பிறக்கிற செல்கள் பெரும்பாலும் பிழைக்காது. குரோமோசோம்களை மூன்று பங்காகக் கிழித்தால் ஏதாவது ஒரு பங்கில் இன்றியமையாத ஒன்று விடுபடும். புற்றுநோய்க்கு அது முட்டுச்சந்து.

ஆபத்து வேறு இடத்தில். கூடுதல் சென்ட்ரோசோம் உள்ள செல் அவற்றை இரண்டு கூட்டமாகத் திரட்டிப் பொய்யான இருதுருவமாக நின்றுவிடும். கேஐஎஃப்சி1 என்ற மோட்டார் புரதம் இதில் முக்கிய வேலைக்காரன், டைனீன் என்ற இன்னொரு மோட்டாரும் சேரும். திரட்டுவதற்கு முன்னாடி கொஞ்ச நேரம் பலதுருவமாக இருக்குமே, அந்த இடைவேளையில் ஒரு கைனட்டோகோரை (குரோமோசோமில் நுண்குழாய் பிடிக்கும் இடம்) இரண்டு துருவத்து நுண்குழாயும் பிடிச்சுடும். பிடிப்பு இருக்கு, இழுவிசையும் இருக்கு, அதனால் கதிர்ச் சோதனைச்சாவடி "சரி, போகலாம்"னு விட்டுடும். அனாஃபேஸில் (குரோமோசோம்கள் விலகிப் போகும் கட்டம்) அந்தக் குரோமோசோம் நடுவில் பின்தங்கி நிற்கும். கடைசியில் தவறான மகள் செல்லுக்குப் போகும், இல்லைன்னா தனியாக நுண்கருவாக அடைபடும். 2009-இல் கேனம், கோடின்யோ, பெல்மன் இந்தத் தொடர்பைக் காட்டினாங்க. ஒவ்வொரு பிரிவிலும் ஒன்று இரண்டு குரோமோசோம் தவறும், செல் சாகாது. எச்பிவி நீடிச்சுத் தங்கும்போது மரபணுத்தொகுதி பல வருஷத்தில் சிதைய இந்த வேகம் போதும்.

அதனால் தம்பி, மூன்று துருவம் எத்தனைன்னு மட்டும் எண்ணாதீங்க. அனாஃபேஸ் செல்லில் டாப்பியைப் பார்த்து, நடுவில் பின்தங்கின குரோமோசோம் உண்டா, அந்தச் செல்லின் துருவத்தில் 2-க்கு மேல் சென்ட்ரியோல் உண்டான்னு இரண்டையும் சேர்த்து எழுதுங்க. படம் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பேசும்.

#10 குழித்துறை ஆறு

வேளிமலை சார், ஈ7 டைனீனையே கதிரிலிருந்து விலக்குதுன்னு 2008-இல் வந்ததே. அப்படின்னா திரட்டலே நடக்காம எல்லாம் பலதுருவமாகிடணுமே?

#11 வேளிமலை

அந்தக் கட்டுரையே பதில் சொல்லுதே, டைனீன் விலகினது மட்டும் பலதுருவத்துக்குப் போதாதுன்னு. சென்ட்ரோசோம் கூடுறதும் வேணும். கேஐஎஃப்சி1 தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். இரண்டு குறையும் ஒரே செல்லில் சேரும்போது பலதுருவத்தின் பங்கு கூடலாம், எல்லாச் செல்லும் அப்படி ஆகாது.

#12 பறக்கைக்குளம்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கருப்பைவாய்ப் புற்றுச் செல்வரிசைகளில் ஹீலாவை நேர்மறைக் கட்டுப்பாடாகவும் சி33ஏ-வை எதிர்மறையாகவும் வைக்கலாம்னு நினைச்சிருந்தேன். இரண்டும் கைவசம் கிடைக்கும். சரிதானே?

#13 தோவாளை டீச்சர்

வேண்டாம் தம்பி. ஹீலாவில் இருக்கிறது எச்பிவி-18, நீங்க பேசுறது 16. அதுவும் 1951 முதல் தட்டிலேயே வளர்ந்து குரோமோசோமெல்லாம் கலைஞ்சுபோன செல். அதில் சென்ட்ரோசோம் கூடியிருந்தால் எந்தக் காரணம்னு யார் சொல்ல முடியும்? சி33ஏ-வில் வைரஸ் இல்லை, ஆனால் பி53-உம் ஆர்பி-யும் திரிந்திருக்கு. ஈ6, ஈ7 கெடுக்கிற அதே இரண்டு இடம் அங்கே ஏற்கெனவே கெட்டுப்போச்சு. எதிர்மறைக் கட்டுப்பாடு என்ற பெயருக்கே பொருந்தாது.

நேர்மறைக்கு பிஎல்கே4 மிகைவெளிப்பாடு போதும், 48 மணி நேரத்துக்குள் மகள்கூட்டம் தெளிவாகக் கிடைக்கும். எதிர்த்திசையில் சென்ட்ரினோன் 100 முதல் 300 நானோமோலார் கொடுத்தால் பிஎல்கே4 அடங்கி, ஒவ்வொரு பிரிவிலும் சென்ட்ரியோல் பாதியாகும். ஈ7 செல்லில் சென்ட்ரினோன் கொடுத்தும் மகள்கூட்டம் வந்தால் உங்க சாயத்தில்தான் ஏதோ கோளாறு.

#14 முட்டம் அலை

நடுவுல ஒரு சந்தேகம். கூடுதல் சென்ட்ரோசோம் வந்தா செல் கண்டுபிடிச்சு நிறுத்தாதா? எல்லாத்துக்கும் காவல் இருக்கும்னு சொல்லுவாங்களே.

#15 குழித்துறை ஆறு

நல்ல கேள்வி மக்கா. இருக்கு. பிடோசோம் என்ற கூட்டமைப்பு. அதில் ஒரு புரதம், பிஐடிடி1, முதிர்ந்த தாய் சென்ட்ரியோலின் நுனித் துணையுறுப்பில் உட்காரும். முதிர்ந்த தாய்கள் அளவுக்கு மேல் கூடினால் அது காஸ்பேஸ்-2 என்ற வெட்டும் என்சைமை முடுக்கும், காஸ்பேஸ்-2 பி53-ஐ அடக்கி வைக்கும் எம்டிஎம்2-வை வெட்டும், எம்டிஎம்2 போனதும் பி53 ஏறி செல்லை நிறுத்தும். 2017-இல் வந்த கண்டுபிடிப்பு.

எச்பிவி இதில் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஈ6 பி53-ஐ எம்டிஎம்2 வழியாக அழிக்கல, ஈ6ஏபி வழியாக அழிக்குது. எம்டிஎம்2-வை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பி53 மிஞ்சாது. ஈ7 சென்ட்ரோசோமைக் கூட்டுது, ஈ6 காவலை ஊமையாக்குது. ஈ6 இல்லாம ஈ7 மட்டும் போட்ட யூ2ஓஎஸ்ஸில் பி53 நல்லபடியா இருக்கு. அதனால் 48 மணியில் கூடுதல் தெரிந்து 5, 6 நாளில் குறைஞ்சுபோனால் பயப்படாதீங்க, கூடினவை நின்றும் செத்தும் போயிருக்கும்.

இன்னொரு நுணுக்கம்: அன்று முளைச்ச மகள்கள் முதிராதவை, துணையுறுப்பு கிடையாது. முதல் சுழற்சியில் மகள்கூட்டத்தைப் பிடோசோம் கண்டுக்கிறதுக்கு வழியில்லை. மகள் முழுசா முதிர ஒன்றரைச் சுழற்சிக்கு மேல் ஆகும்.

#16 முட்டம் அலை

அப்போ இது எச்பிவி மட்டும் செய்யுற சேட்டையா?

#17 குழித்துறை ஆறு

இல்லை. ஹெபடைட்டிஸ் பி-யின் எக்ஸ் புரதம், எச்டிஎல்வி-1 (மனித டி-செல் லுகீமியா வைரஸ்) இன் டாக்ஸ் புரதம், இரண்டுமே சென்ட்ரோசோமைக் கூட்டும், வழிதான் வேறுவேறு. எப்ஸ்டீன்-பார் வைரஸில் பிஎன்ஆர்எஃப்1-னு ஒரு புரதம் வைரஸ் துகளோடவே செல்லுக்குள் வந்து இதைச் செய்யுதுன்னு 2017-இல் வந்தது. வைரஸ் மரபணு ஓடவே வேண்டாம், துகள் நுழைஞ்சாலே போதும். அது தனி இழைக்கான விஷயம்.

#18 முட்டம் அலை

கடைசியா ஒண்ணு. தடுப்பூசி போட்டா இந்த ஈ7 அடங்குமா?

#19 வேளிமலை

அடங்காது. தடுப்பூசி தூண்டும் ஆன்டிபாடி வைரஸின் வெளியுறையான எல்1-க்கு எதிரானது. நுழையுறதுக்கு முன்னாடி தடுக்கும். ஏற்கெனவே தொற்றின அடிச்செல்லில் எல்1 இருக்காது, ஈ6-உம் ஈ7-உம்தான் ஓடும். அதனால்தான் சிறு வயசில் போடச் சொல்றதும், போட்டவங்களும் பிற்காலத்தில் பரிசோதனையை விடக் கூடாதுன்னு சொல்றதும்.

திசு வெட்டில் எண்ணலாம்னு தம்பிக்கு ஆசை வந்தால்: வழக்கமான பாரஃபின் வெட்டு 4 மைக்ரான். செல் அதைவிடத் தடிமன். சென்ட்ரோசோமில் பாதி அடுத்த வெட்டுக்குப் போயிருக்கும். வெட்டில் "2 புள்ளி"ன்னா செல்லில் 2-தான்னு சொல்ல முடியாது. அங்கே ஈ7-க்குச் சாட்சியாக நாங்க பார்ப்பது செல்லின் பி16 புரதத்துக்கான சாயம். ஆர்பி அழிந்ததும் பி16 ஏகத்துக்கும் ஏறும், கீழ் அடுக்கில் தொடங்கித் தொடர்ச்சியாகப் பட்டையாகப் படியும். அங்கங்கே தெளிச்ச மாதிரி இருந்தால் கணக்கில் எடுக்கிறதில்லை.

#20 பறக்கைக்குளம்

மேகத்தை எண்ணினால் பிழை வரும்னு சொன்னதால், சென்ட்ரியோலுக்குள்ளேயே இருக்கும் சென்ட்ரின் புரதத்தையும், முதிர்ந்த தாயில் மட்டும் இருக்கும் செப்170-ஐயும் எண்ணலாம்னு பார்க்கிறேன். அப்போ விதியை இப்படி வைக்கட்டுமா: சென்ட்ரின் புள்ளி 4-க்கு மேல் இருந்தால் கூடுதல். அதில் செப்170 புள்ளி 1 அல்லது 2 மட்டும் என்றால் மிகைப்பெருக்கம், 3-உம் அதற்கு மேலும் என்றால் செல் பிரியாமல் சேர்ந்துபோனது. ஆன்டிபாடி சென்ட்ரினுக்கு 20எச்5, காமா டியூபுலினுக்கு ஜிடியூ-88, செப்170-க்கு முயலில் செய்தது. முதல் இரண்டும் எலி ஆன்டிபாடி, அது பிரச்சினையா?

#21 தோவாளை டீச்சர்

விதி சரி. செப்170 முதிர்ந்த தாயின் துணையுறுப்பில் உட்காரும், இயல்பான செல்லில் ஜி2 முடிவு வரை 1, மைட்டோசிஸ் நெருங்கும்போது 2. இரண்டு சேர்க்கை: உட்கரு 2 உள்ள செல்லைத் தனிப் பட்டியலில் போடுங்க, ஈ7 கணக்கில் கலக்காதீங்க. மைட்டோசிஸ் செல்லையும் இடைக்கட்டச் செல்லையும் தனித்தனியாக எண்ணுங்க. ஒரு தட்டுக்கு 100 செல்லுக்குக் குறையாமல், தனித்தனியாகச் செய்த மூன்று சோதனையில். எது ஈ7, எது வெக்டார்னு எண்ணுறவருக்குத் தெரியக் கூடாது, இன்னொருத்தரைக் கொண்டு ஸ்லைடில் எண் ஒட்டச் சொல்லுங்க. 5 புள்ளியா 6 புள்ளியான்னு தகராறு வருகிற செல்லில் கை தானாக ஈ7 பக்கம் சாயும்.

மகள்கூட்டம் சாதாரண லென்ஸில் முழுசாகப் பிரியாது. 1.4 துளை எண்ணில் பச்சை ஒளிக்குப் பிரிதிறன் 0.2 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே, சென்ட்ரியோலின் குறுக்களவே 0.25. ஆய்வேட்டில் "குறைந்தது இத்தனை"ன்னு எழுதுங்க. சில செல்லையாவது அக்ரிலமைட் ஜெல்லில் புதைத்து 4 மடங்கு விரித்துப் பார்த்துச் சேர்த்தால் கேள்வி கேட்க வழியிருக்காது. இல்லைன்னா திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் மாதிரி இடத்தில் உயர் பிரிதிறன் கருவிக்கு நேரம் கேட்டுப் பாருங்க, ஸ்லைடை ஆறவச்சு ஓரம் மூடிக் கொண்டுபோகணும்.

#22 இரணியல் தறி

இரண்டும் எலி என்பது பிரச்சினை இல்லை தம்பி, ஆன்டிபாடியின் உள்வகை வேறு. ஜிடியூ-88 ஐஜிஜி1, 20எச்5 ஐஜிஜி2ஏ. "எலி-எதிர்ப்பு"ன்னு பொதுவா எழுதியிருக்கிற இரண்டாம்நிலையை வாங்கினால் இரண்டிலும் ஒட்டும், எல்லாப் புள்ளியும் இரு நிறத்திலும் தெரியும். ஐஜிஜி1-க்கு மட்டும், ஐஜிஜி2ஏ-க்கு மட்டும்னு தனித்தனியாகக் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு முதல்நிலையையும் தனியாகப் போட்டு, எல்லா இரண்டாம்நிலையையும் சேர்த்து ஊத்தின ஸ்லைடு ஒவ்வொன்று வைக்கணும். ஒன்றின் நிறம் மற்றதன் வாய்க்காலில் ஒழுகுதான்னு அதில்தான் தெரியும்.

ஆனால் டாப்பி, சென்ட்ரின், காமா டியூபுலின், செப்170-னு நான்கு நிறமும் தீர்ந்துபோச்சு. எந்தச் செல்லில் ஈ7 போயிருக்குன்னு காட்ட ஐந்தாவது நிறத்துக்கு எங்கே போவீங்க? கூடவே ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) ஏற்றலாம்னா மெத்தனாலில் அதன் ஒளி மங்கிடும், அதற்கும் ஆன்டிபாடி வேணும். எனக்குப் பட்டது: காமா டியூபுலினைக் கைவிடுங்க. குழித்துறை அண்ணன் சொன்ன காரணத்துக்காகவும் அது போகட்டும். காலியான நிறத்தில் ஈ7-இல் எச்ஏ என்ற சிறு அடையாள வால் ஒட்டி அதற்குச் சாயம் போடுங்க. வால் ஒட்டினதும் ஆர்பி குறையுதான்னு ஒரு தடவை பிளாட் ஓட்டிப் பார்த்துக்கணும்.

#23 குழித்துறை ஆறு

சென்ட்ரின்-ஜிஎஃப்பி உள்ள யூ2ஓஎஸ் வரிசை கிடைச்சால் ஒரு ஆன்டிபாடி மிச்சம்னு யாராவது சொல்லுவாங்க. ஜிஎஃப்பி-சென்ட்ரின் அளவு கூடின செல்லில் சைட்டோபிளாசத்தில் திரண்டு போலிப் புள்ளி காட்டும். அந்த வரிசையை எடுத்தால் செப்170-ஓ சிபி110-ஓ (சென்ட்ரியோலின் நுனியை மூடும் புரதம்) பக்கத்தில் இல்லாத புள்ளிக்கூட்டத்தை எண்ணாம விடுங்க. ரெட்ரோவைரஸ் வழியாக ஈ6, ஈ7-ஐ நிலையாக ஏற்றுகிற யோசனை இருந்தால், பிளாஸ்மிட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே கல்லூரியின் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதியை வாங்கிடுங்க. மனிதச் செல்லுக்குள் நுழையக்கூடிய துகளில் புற்றுமரபணு இருக்கு, சாதாரண மேசையில் வச்சு செய்யுற வேலை இல்லை அது.

#24 பறக்கைக்குளம்

செரி அண்ணே. காமா டியூபுலினை எடுத்துட்டு எச்ஏ வால் போடுறேன், 21-24 வெட்டின மாற்றுருவும் பிஎல்கே4-உம் கட்டுப்பாடு, இடியூ தனித் தட்டில். இடியூ வினைக்குத் தாமிரம் சேர்க்கணுமே, அதையும் சென்ட்ரின் சாயத்தையும் ஒரே ஸ்லைடில் போடக் கூடாதா?

#25 இரணியல் தறி

போடலாம், ஆனால் முதல்ல இடியூ வினையை முடிச்சு, நன்றாகக் கழுவி, அப்புறம் ஆன்டிபாடி. ஜிஎஃப்பி இருந்தால் தாமிரம் அதை அடிச்சிடும். ஆனா நிறம் ஐந்தாகிடும், அதனால் நீங்க சொன்ன தனித் தட்டையே வைங்க.